முன்னாடி சீட்டு

எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் எதையும் சொல்வது கிடையாது, கேட்பதுதான் வழக்கம். "மழை வர்ற மாதிரி இருக்கே, குடை எடுத்துட்டுப் போனா நல்லதோ?" என்பாள் அம்மா. குடையை எடுத்துக்கொண்டு போங்கள் என்பதை எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்ல வேண்டும். அப்பா அந்த யோசனை தனக்கே உதித்தது போல வானத்தை ஒரு பார்வை பார்ப்பார். மனம் இருந்தால் குடையை எடுப்பார். இல்லாவிட்டால் "பாக்கலாம்" என்பார். அப்பா பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

நான் மட்டும் விதிவிலக்கு. "குடையை எடுங்கப்பா, நனைஞ்சுட்டு வந்து தும்மாதீங்க" என்று நேராகச் சொல்லிவிடுவேன். அதனால் வீட்டில் எனக்கு வக்கீல் என்று பெயர். வைத்தவர் அப்பாதான். என் வாதத்தில் ஒன்றுகூட ஜெயித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் குடை எடுக்கச் சொன்ன நாட்களில் எல்லாம் அவர் சொட்டச் சொட்ட நனைந்துதான் வீடு வந்தார்.

அப்பா விமானி. பயணிகள் விமானம் ஓட்டுபவர், வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். காரில் போகும்போது ஒரு திருப்பத்தைத் தவற விட்டால் வண்டியைத் திருப்ப மாட்டார். "இந்த வழியும் அங்கதான் போகும்" என்று ஓட்டிக்கொண்டே இருப்பார். ஒருமுறை அந்த வழி ஒரு கல்குவாரியில் போய் முடிந்தது. கீழே இறங்கிச் சோம்பல் முறித்து, "இங்க காத்து நல்லா வருது" என்றாரே தவிர, வழி தப்பிவிட்டது என்று கடைசிவரை சொல்லவில்லை.

அப்பேர்ப்பட்ட அப்பாவை நிறுத்தத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். நெடுந்தூரம் போகும்போது அவர் களைத்துப் போய்க் கண்ணைக் கசக்க ஆரம்பிப்பார். "தூக்கம் வருதுல்ல, நிறுத்துங்க" என்று நான் சொன்னால் வண்டி இன்னும் வேகமாகப் போகும். அக்கா பின் சீட்டிலிருந்து மெதுவாக, "இந்தக் கடையில காபி நல்லா இருக்கும்னு சொன்னாங்கப்பா" என்பாள். வண்டி நின்றுவிடும். யார் சொன்னது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அக்காவின் வீட்டுக்காரரும் விமானிதான். அப்பாவின் கம்பெனியிலேயே துணை விமானி. கல்யாணமான புதிதில், சாப்பாட்டு மேசையில் அப்பா சொன்ன எதற்கோ அத்தான் "இல்ல மாமா, அது அப்படி இல்ல" என்று சொல்லிவிட்டார். அவருக்கு எங்கள் வீட்டுச் சட்டதிட்டம் தெரியாது, பாவம். மேசையில் எல்லோர் கையும் அப்படியே நின்றுபோனது. அக்கா அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் பாடம் நடத்தினாள். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"அப்பாகிட்ட இல்லன்னு சொல்லாதீங்க. கேள்வியா கேளுங்க. அவரே யோசிச்ச மாதிரி இருக்கணும்."

"அவர் சொல்றது தப்பா இருந்தா?"

"ரெண்டு தரம் கேளுங்க."

"உருப்பட்டுடும்," என்றேன் நான்.

அத்தான் நல்ல மாணவர். சீக்கிரமே அக்காவை மிஞ்சிவிட்டார். அப்பாவும் மாப்பிள்ளை மரியாதையில் குறை வைக்கமாட்டார். "உக்காருங்க மாப்பிள்ளை" என்று எழுந்து நிற்பார். "நீங்க உக்காருங்க மாமா" என்று இவர் நிற்பார். காபி ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்பார்கள். வேலைக்குப் போனால் அதே மாமா, சார் ஆகிவிடுவார்.

பொதுவாக இருவரையும் ஒரே விமானத்தில் கம்பெனி போடுவதில்லை. அன்றைக்குப் போட்டது. அப்பாவோடு வர வேண்டிய துணை விமானிக்குக் காய்ச்சல், மாற்று ஆளாக, விமானம் கிளம்பும் ஊரில் தங்கியிருந்தவர் அத்தான். முதல் நாள் சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்து, "நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வர்றாங்க. மத்தியானம் எல்லாரும் அம்மா வீட்ல சாப்பிடலாம், நீயும் வந்துடு" என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

நான் கார் ஓட்டச் சொல்லித்தரும் வேலையில் இருக்கிறேன். என் காரில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுபவர் காலடியில், இன்னொன்று பக்கத்து சீட்டில் உட்காரும் என் காலடியில். அப்பாவுக்கு அது தீராத கேலி. "ரெண்டு பிரேக் வெச்ச வண்டி எப்ப போய்ச் சேரும்?" என்பார். "உங்க விமானத்துல மட்டும் என்னவாம்?" என்பேன். அங்கேயும் முன்னால் இரண்டு சீட்டு, இரண்டு பிடி. யார் இழுத்தாலும் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும்.

காலையில் கதவைத் திறந்தபோதே பனி வாசல்வரை வந்து நின்றது. எதிர்வீட்டுக் கேட் தெரியவில்லை. அன்று முதல் வகுப்பு தபால் அம்மாளுக்கு. தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர், அதனால் அப்படிக் கூப்பிடுகிறேன். ரோட்டில் காக்கை பறந்தாலும் பிரேக் போடுவார். "பின்னாடி வர்றவன் நம்ம மேல ஏறிடுவான், பிரேக்லருந்து காலை எடுங்க" என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பனியில் வண்டியை எடுக்க வேண்டாம் என்று விளையாட்டு மைதானத்து ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அக்காவின் போன் வந்தது.

"எங்க இருக்க?"

"கிளாஸ்ல. என்னக்கா?"

"வண்டி ஓடிட்டிருக்கா?"

"நின்னுட்டுதான் இருக்கு. சொல்லு."

"அங்கயும் பனி ரொம்ப இருக்கோ?"

அக்கா இத்தனை சுற்று சுற்றுகிறாள் என்றால் நடுவில் என்னவோ இருக்கிறது.

"அக்கா, நேரா சொல்லு."

"ஏர்போர்ட் பக்கம் பனிக்கு மேல கரும்புகை தெரியுதாம். டிவில காட்டறாங்க. அப்பா வர்ற ஃப்ளைட் இன்னும் இறங்கலியாம்." மூச்சு வாங்கினாள். "அதுவா இருக்காது இல்ல?"

அதையும் கேள்வியாகத்தான் கேட்டாள்.

தபால் அம்மாளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, ஓட்டும் சீட்டுக்கு நான் மாறினேன். அவரை இறங்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். "நீங்க இருக்கிற நிலைமையில தனியா விட மாட்டேன்" என்று என் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். வண்டியை எடுத்தேன். விளக்கைப் போட்டால் பனிதான் வெள்ளையாக எழுந்து நின்றது. ரோட்டின் நடுக்கோடு இரண்டு மூன்று துண்டு தெரியும், பிறகு அதுவும் இல்லை. ஆனாலும் பழகிய ரோடு, இங்கே வளையும், அங்கே நேராகும் என்று மனப்பாடமாகத் தெரியும். கால் அழுத்திக்கொண்டே போனது.

திடீரென்று வண்டி முகத்தில் அறைந்தது போல நின்றது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. தபால் அம்மாள் இரண்டு காலையும் சேர்த்து என் பிரேக்கின் மேல் வைத்திருந்தார்.

"எதிர ஒண்ணும் இல்லியே, எதுக்கு நிறுத்தினீங்க?" என்று கத்தினேன்.

"இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "கண்ணுக்குத் தெரியலங்க. தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா?"

எதிரே நிஜமாகவே ஒன்றும் இல்லை. வெறும் ரோடுதான். இருந்தாலும் மீதி தூரத்தை அவர் சொன்ன வேகத்தில் ஓட்டினேன்.

விமான நிலையத்தில் எங்களைப் போல வந்தவர்களை எல்லாம் மாடியில் ஒரு கூடத்துக்கு அனுப்பினார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சி நடக்கும் இடம் போலிருக்கிறது. மடக்கு நாற்காலிகள், சுவரில் துடைத்தும் துடைக்காமலும் விட்ட வெள்ளைப் பலகை, மேசையில் தண்ணீர் பாட்டில்கள். மூலையில் டிவி இருந்தது, அதன் வயரை யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள். அம்மாவும் அக்காவும் எனக்கு முன்னாலேயே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சமையலுக்குக் கட்டிய ஏப்ரனை அவிழ்க்கக்கூட மறந்து வந்திருந்தாள். தபால் அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

இறங்குவதற்கு முன்னால் விமானம் வயலில் மோதி இரண்டாக உடைந்துவிட்டது, பின்பகுதியில் நிறையப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். கம்பெனிப் பெண் ஒருத்தி அடிக்கொரு தரம் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். கூடம் முழுக்க எழுந்து நிற்கும். "விவரம் வந்ததும் சொல்றோம்" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். மறுபடி எல்லோரும் உட்காருவோம்.

பக்கத்து நாற்காலிக்காரர் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி மற்றொன்றில் போட்டிருந்தார். தூங்கி எழுந்த வேகத்தில் ஓடி வந்திருப்பார். அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு யாரும்மா?" என்றார்.

"வீட்டுக்காரரும் மாப்பிள்ளையும்."

"எந்த சீட்டு?"

அம்மா அக்காவைப் பார்த்தாள்.

"முன்னாடி சீட்டு," என்றாள் அக்கா.

அவர் முகம் ஒரு நொடி மாறிச் சமாளித்துக்கொண்டது. "என் சம்சாரம் பின்னாடி. முன்னாடிதான் வேணும்னு கேட்டா, கிடைக்கல. நேத்து பூரா என்னைத் திட்டினா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "முன்னாடியும் ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. மனசைத் தளர விடாதீங்க." எழுந்து போய் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

பின் வரிசையில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அந்த பைலட் ஒரு தரம் இறங்கப் பாத்து, முடியாம மேல போயிருக்கான். சரி, பக்கத்து ஊர்ல கொண்டுபோய் இறக்க வேண்டியதுதானே? மறுபடியும் இங்கயே வந்திருக்கான். எவ்வளவு திமிர் பாரு. அவன் வீட்டு ஆளுங்க உள்ள இருந்தா இப்படிப் பண்ணுவானா?"

நான் விருட்டென்று எழுந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "வாயை மூடிட்டு உக்காரு." உட்கார்ந்துவிட்டேன். எழுந்து என்ன பேசியிருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை. இந்த வக்கீலுக்கு அன்றைக்குத் தான் எந்தக் கட்சி என்றே விளங்கவில்லை.

விஷயம் இதுதான். அத்தான் ஒருநாள் எனக்குத் தட்டையும் டம்ளரையும் வைத்து விளக்கியிருக்கிறார். பனியில் இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரம் உண்டு. அந்த உயரத்துக்கு வந்ததும் ஓடுபாதை விளக்குகள் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் யோசிக்கவே கூடாது, மேலே ஏற்றிவிட வேண்டும். "யோசிக்கறதுக்கு அங்க நேரம் கிடையாது. தெரியுதா, இறங்கு. தெரியலியா, ஏறு. அவ்வளவுதான்" என்றார். ஓட்டுபவர் ஏற்றாவிட்டால், ஏற்றச் சொல்ல வேண்டியது பக்கத்து சீட்டுக்காரரின் வேலை.

அக்காவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் தள்ளிக்கொண்டு வெளி வராந்தாவுக்கு வந்தாள். அங்கே ஜன்னல் முழுக்கப் பனி. அது விலக ஆரம்பித்திருந்தது. இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் போதும் என்று என் மனம் சும்மா இருக்காமல் கணக்குப் போட்டது.

"அவர் சொல்லியிருப்பாரா?" என்றாள் அக்கா.

"எதை?"

"மேல ஏத்துங்கன்னு. நேரா. இல்ல, கேட்டிருப்பாரா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நீயும் அங்கதானே நின்னுட்டிருந்த? இல்லன்னு சொல்லாதீங்க, கேள்வியா கேளுங்கன்னு." ஏப்ரன் நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "ரெண்டு தரம் கேளுங்கன்னு சொன்னேன். அங்க ரெண்டு தரம் கேக்க நேரம் ஏது? அவர் உயிரோட வரட்டும். வந்ததும் முதல்ல இதைத்தான் கேப்பேன். சொன்னீங்களா, கேட்டீங்களா? இது தெரியாம என்னால இருக்க முடியாது."

வேறு நாளாக இருந்தால் என் வாயிலிருந்து என்னவெல்லாமோ வந்திருக்கும். நான் அவள் ஏப்ரனை அவிழ்த்து மடித்து என் பையில் வைத்தேன். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

கூடத்துக்குத் திரும்பினோம். கதவு திறந்தது. கம்பெனிப் பெண் உள்ளே வந்து, "கேப்டன் வீட்டுக்காரங்க யாரு?" என்று உரக்கக் கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, சின்னப் பெண், யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அம்மா எழுந்தாள். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

"கேப்டன் உயிரோட இருக்கார்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. நினைவு இருக்கு."

நல்ல செய்தி வந்ததற்குத் தலைகுனிந்து நின்றோம். அக்கா மட்டும், "இன்னொருத்தர்?" என்றாள்.

"பாத்துட்டிருக்காங்கம்மா."

சட்டைப் பொத்தான்காரர் எங்களை வெறித்துப் பார்த்தார். கொடுத்த தண்ணீரைத் திருப்பிக் கேட்டால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்கவில்லை. மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி பிழைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம்.

அத்தானின் உடலைச் சாயங்காலம்தான் எடுத்தார்கள். விமானத்தின் முன்பகுதி வயலில் இழுத்துக்கொண்டே போய், ஒரு பம்ப்செட் கொட்டகையின் கருங்கல் சுவரில் வலது பக்கம் மோதியிருக்கிறது. அப்பாவின் சீட்டு இடது பக்கம். துணை விமானியின் சீட்டு வலது பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம். முன்பகுதியில் இருந்த பயணிகளில் பாதிப் பேர் இல்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் அப்பா மேல், அக்கா மேல், அந்தச் சமையலறை மேல், "உருப்பட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் துடைக்கப் போன என் மேல்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா எங்களை நிறுத்தினாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் குரலில் வீட்டுச் சட்டதிட்டம் மாறவில்லை.

"இடுப்பெலும்பு, விலா எல்லாம் போயிருக்கு. அதிர்ச்சியா எதுவும் வேண்டாம்னு டாக்டர் சொல்றார். மாப்பிள்ளை பக்கத்து வார்டுல இருக்கார், தூங்கறார். அவ்வளவுதான். புரியுதா?" என்னைப் பார்த்தாள். "நீ வாயே திறக்காதே."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமாம்மா?"

"ரெண்டு நாள் மறைச்சா போதும்."

அக்காவை வெளியே இருக்கச் சொன்னாள். அக்கா கேட்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் உள்ளே போனாள். வராந்தா பெஞ்சில் இரண்டு பேர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விசாரணைக்காரர்கள். டாக்டர் அனுமதித்தால் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்றார்கள். அம்மா அவர்களைப் பார்க்காதது போல வந்துவிட்டாள்.

அப்பா மல்லாந்து கிடந்தார். நெற்றியில் கட்டு. அவர் இத்தனை சின்ன ஆள் என்று எனக்கு அதுவரை தெரியாது. எங்களைப் பார்த்ததும், "மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்றார்.

"பக்கத்து வார்டுல இருக்கார். தூங்கறார்," என்றாள் அம்மா.

அப்பா அக்காவைப் பார்த்தார்.

"தூங்கறார்பா. நீங்களும் கொஞ்சம் தூங்கினா நல்லா இருக்குமோ?" என்றாள் அக்கா. அவளால் அது எப்படி முடிந்ததோ. குரல் பிசிறக்கூட இல்லை.

அப்பா என் பக்கம் கண்ணைத் திருப்பினார். "வக்கீல், நீ சொல்லு."

அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. எத்தனையோ வருஷமாக இந்த மனிதர் என் பேச்சை ஒரு தடவையாவது கேட்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். இந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காகவா என்று இருந்தது.

"அத்தான் இல்லப்பா. நேத்தே போயிட்டார்."

அம்மா கையை விட்டுவிட்டாள். அப்பா கூரையைப் பார்த்தார். தலைமாட்டில் இருந்த மெஷின் வேகமாகச் சத்தம் போட்டுப் பிறகு தணிந்தது. "தெரியும்," என்றார். "அந்தப் பக்கத்தை நான் பாத்தேன்."

அக்கா கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவர் உங்ககிட்ட ஏத்துங்கன்னு சொன்னாரா, இல்ல கேட்டாரா?"

அவள் அப்பாவிடம் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அம்மா, "இப்ப எதுக்குமா அதெல்லாம்?" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

"கேட்டார்," என்றார் அப்பா.

அக்காவின் தலை தொங்கிவிட்டது. இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு தரம் கேட்டார். 'இன்னொரு சுத்து சுத்திட்டு வரலாமா சார்'னு ஒரு தரம். அப்புறம், 'பக்கத்து ஊர்ல நல்லா வெயில் அடிக்குதாம் சார்'னார்."

"நான்தாம்பா அப்படிப் பேசச் சொன்னேன். நான் வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா, அவர் நேரா சொல்லியிருப்பார். உங்களுக்கும் புரிஞ்சிருக்கும்."

அப்பா முகத்தைச் சுளித்தார். வலிக்கிறதோ என்று நினைத்தேன்.

"எனக்குப் புரியலன்னா நினைக்கிற?" என்றார். "கார்ல போறப்ப நீ காபி நல்லா இருக்கும்னு சொல்லுவியே. அந்தக் கடைங்கள்ல எல்லாம் காபி கழனித்தண்ணி மாதிரி இருக்கும்மா. ஒரு கடையிலகூட நல்லா இருந்ததில்ல. நீ நிறுத்தச் சொல்றேன்னு தெரிஞ்சுதான் நிறுத்தினேன். குடிச்சுட்டு வந்தேன். உங்கம்மா குடையைக் கேக்கறப்பவும் தெரியும். நீங்க எல்லாரும் சுத்தி வளைச்சுக் கேட்டது அத்தனையும் எனக்கு அப்பவே புரியும்."

அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"மாப்பிள்ளை கேட்டதும் புரிஞ்சுது. முதல் தரமே புரிஞ்சுது. ஓடுபாதை தெரியலன்னு எனக்கே தெரியுமே. இங்கதான் இருக்கும், இதோ வந்துடும்னு பாத்துட்டே இறக்கினேன். அவர் கேட்டதுக்குப் பாக்கலாம்னேன்." மூச்சு வாங்கினார். "நேரா சொல்லியிருந்தாலும் இறக்கியிருப்பேன். இதோ நிக்கிறாளே, இவ எல்லாத்தையும் நேராதானே சொல்லுவா. இவ பேச்சை நான் என்னிக்குக் கேட்டேன்?"

எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. ராத்திரியிலிருந்து நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அவர் முன்னாடியும் ஒரு பிடி இருந்துச்சேப்பா."

"இருந்துச்சு. கையும் வெச்சார். நான் திரும்பிப் பாத்தேன்." அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "எடுத்துட்டார்."

அந்தப் பார்வை எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் எல்லோர் கையையும் நிறுத்தும் பார்வை அது. தபால் அம்மாளுக்கு அந்தப் பார்வை தெரியாது. அதனால்தான் அவர் இரண்டு காலையும் பிரேக்கில் வைத்தார்.

அக்கா அழுதாள். முதல் நாளிலிருந்து அவள் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. அப்பா அவள் பக்கம் கையை நீட்டினார். ஊசி குத்தி டேப் ஒட்டிய கை. அக்கா அதைப் பார்த்தாள், பிடிக்கவில்லை.

அம்மா போர்வையை இழுத்து அவர் மார்புவரை விட்டாள். "போதும், பேசாதீங்க. வெளிய விசாரணைக்குன்னு ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. இன்னொரு நாள் வரச் சொல்லட்டுமா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். பெஞ்சிலிருந்த இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"உள்ள வாங்க," என்றாள். "அப்பா பேசுவார்."

பேசுகிறீர்களா என்று அவள் அவரைக் கேட்கவில்லை.